தேங்காய் நார், சணல், பருத்தி: எந்த வேலைக்கு எந்தக் கயிறு?

மூன்று கயிறுகளும் விளைபொருள்களே என்றாலும், பருத்தி விதையின் மேல் வளரும் இழையிலிருந்தும், சணல் தண்டின் பட்டையிலிருந்தும், தேங்காய் நார் காயின் மட்டையிலிருந்தும் வருவதால், அவற்றின் குணங்கள் தொடக்கத்திலேயே பிரிந்துவிடுகின்றன. (பசுந்தாள் உரத்துக்கு விதைக்கும் சணப்பையையும் சிலர் சணல் என்பர், இங்கே பேசுவது சாக்கு நெய்யும் சணலைப் பற்றி.)

ஈரத்தில் கிடக்கப்போகும் கயிறு என்றால் தேங்காய் நாரைத் தவிர வேறெதையும் நான் பரிந்துரைக்கமாட்டேன். அதில் மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருள் 40 விழுக்காட்டுக்கும் மேல் இருப்பதால், நுண்ணுயிர்கள் அதை எளிதில் அரிப்பதில்லை. உப்புநீரும் அதை விரைவில் கெடுப்பதில்லை. வெள்ளை நார் எடுப்பதற்காகப் பச்சை மட்டைகளை 6 முதல் 10 மாதங்கள் வரை நீரில் ஊறவைக்கிறார்கள். மட்டையின் சதை அழுகிப் பிரிந்த பிறகும் நார் நிலைத்து நிற்கிறது என்பதைவிட அதன் உறுதிக்கு வேறு சான்று வேண்டியதில்லை. அறுவதற்கு முன் 15 விழுக்காட்டுக்கும் மேல் நீளக்கூடியது என்பதால் திடீர் இழுப்பையும் அது தாங்கிக்கொள்ளும். ஆனால் ஒரே தடிமனில் ஒப்பிட்டால் மூன்றிலும் வலு குறைந்தது அதுவே. உள்ளங்கையையும் உரசிப் புண்ணாக்கும்.

சணல் இதற்கு நேர் எதிர். விதைத்த நான்கைந்து மாதங்களில் அறுவடையாகி, இரண்டு மூன்று வாரம் ஊறினாலே பட்டை கழன்றுவிடுகிறது. இழுவிசையில் தேங்காய் நாரை எளிதில் வெல்லும். ஏறத்தாழ 2 விழுக்காட்டுக்கு மேல் நீளாததால் மூட்டையை இறுக்கிக் கட்டினால் கட்டுத் தளராது. லிக்னின் 12 விழுக்காட்டு அளவிலேயே இருப்பதாலும், காற்றின் ஈரத்தை மிகுதியாக உறிஞ்சுவதாலும், தரையில் நனைந்து கிடந்தால் விரைவில் மக்கிவிடும். வெயிலில் மஞ்சளாகிப் பின் பழுப்பாகும். செடியின் வேர்ப்பந்தைச் சுற்றி அப்படியே குழியில் புதைப்பதற்கு விரைவில் மக்கும் அந்தக் குறையே நிறைவு.

பருத்தியோ 90 விழுக்காட்டுக்கும் மேல் செல்லுலோஸ் என்ற தாவர நார்ப்பொருள். இழை மூன்று சென்டிமீட்டர் அளவே இருப்பினும், முறுக்கிய நூல் நனைந்தால் வலுக் கூடுகிறது; அந்த இயல்பு சணலுக்கு இல்லை. நனைந்தபடியே மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும் என்பதால் உலர்த்தும் பொறுமை இருப்பவருக்கே அது ஏற்றது. கையால் ஓயாமல் பிடித்து இழுக்க வேண்டிய ஊஞ்சலுக்கும் திரைச்சீலைக்கும் மற்ற இரண்டும் அதற்கு ஈடாகா.