மாயிடோவா, பெல்கோம்பா? ரெயூனியன் தீவில் ஒரு விடியற்காலை

இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரெயூனியனில் ஒரே ஒரு காலைதான் கைவசம் என்றால் மாயிடோ என்ற மலைவிளிம்புக் காட்சிமுனைக்குப் போங்கள். எரிமலைத் தீவுக்குப் போய் எரிமலையைப் பார்க்காமல் வந்தாயா என்று கேட்பார்கள். கேட்கட்டும்.

எரிமலையைப் பார்க்கப் போகும் முனையான பா தெ பெல்கோம்ப் லேசுப்பட்ட இடமில்லை. 2,311 மீட்டர் உயரம். எதிரே பித்தோன் தெ லா ஃபூர்னேஸ் எரிமலை, காலடியில் ஃபோர்மிகா லியோ என்ற செம்பழுப்புக் குட்டிக் கூம்பு. வழியில் வரும் கறுத்த மணல்வெளிக்காகவே போகலாம். ஆனால் 2007இல் சரிந்து ஆழமான உச்சிப் பெருவாய் அங்கிருந்து தெரியாது. மணிக்கணக்கில் நடக்க வேண்டும். எரிமலை பொங்க ஆரம்பித்தால் அந்தப் பாதையையும் மூடிவிடுவார்கள். பொங்கும்போது நான் பார்த்ததில்லை. அதைப் பார்த்தவர் தீர்ப்பு வேறாக இருக்கலாம்.

மாயிடோவில் வண்டியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச தூரம் நடந்தால் போதும். சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் தரை சட்டென்று முடிந்துவிடும். கீழே மஃபாத் பள்ளத்தாக்கு. அங்குள்ள ஊர்களுக்குச் சாலையே கிடையாது. நடை, இல்லாவிட்டால் ஹெலிகாப்டர். அந்த ஹெலிகாப்டர் நம் காலுக்குக் கீழே பறப்பதைக் குனிந்து பார்ப்போம். இதுவும் எரிமலை வேலைதான்: அணைந்துபோன பித்தோன் தெ நேஜின் உடம்பைச் சரிவும் மழையும் குடைந்த பள்ளம்.

சரி, என்னைத் தீர்மானிக்க வைத்தது மேகம். வெயில் ஏற ஏறச் சரிவுகளில் மேகமும் ஏறும். பத்து மணிக்குள் பள்ளத்தாக்கு பெரும்பாலும் பால் வைத்த பாத்திரம்தான். சீக்கிரம் போனால் மட்டும் போதாது. மாயிடோ கிழக்கு பார்த்தது, சூரியன் எதிரே இருக்கும். விடிந்த உடனே பள்ளம் வெறும் நிழல். வெயில் அடிவரை இறங்கி, தகரக் கூரைகள் ஒவ்வொன்றாய்ப் பளிச்சிடுவதற்கும் மேகம் வருவதற்கும் நடுவில் உள்ள நேரம்தான் நமக்கு. மேகம் பெல்கோம்பையும் விடாது. ஆனால் மேற்குக் கரையில் தங்கினால் மாயிடோ ஒரு மணி நேரத் தூரம். ஏமாந்தாலும் மறுநாள் திரும்பப் போகலாம். பெல்கோம்புக்கு அதே கரையிலிருந்து போய்வரப் பாதி நாள் போய்விடும், மறுபடி கிளம்ப மனசு வராது. மழைக்காலத்தில் இந்தக் கணக்கு எப்படியோ, நான் போனது ஜூலையில்.

ஃபெனெத்ர் தே மாக் என்று சிலாவோஸ் பள்ளத்தாக்கைக் காட்டும் இன்னொரு முனை உண்டு. நல்ல இடம், ஆனால் மாயிடோவுக்கு அப்புறம்தான்.

இரண்டு காலை கிடைத்தால் முந்தின இரவு மலைமேல் பூர் முரா என்ற ஊரிலேயே தங்கிவிட்டு, அங்கிருந்து பெல்கோம்ப் போங்கள். எங்கே போனாலும் ஸ்வெட்டர் வேண்டும்.