கன்னச் செல்லா, ஆயத்த ஸ்லைடா? திசு படிக்க நான் தேர்ந்தெடுத்த வழி

மனித உடலின் செல்களையும் திசுக்களையும் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தே படிப்பது என்று முடிவெடுத்ததும் இரண்டு வழிகள் எதிரே நின்றன. கன்னத்தின் உட்புறத்தைச் சுரண்டி நானே ஸ்லைடு போடலாம். இல்லையென்றால் சாயமேற்றிய ஆயத்த ஸ்லைடுப் பெட்டி வாங்கலாம். இரண்டையும் செய்து பார்த்தேன். கைகொடுத்தது பெட்டிதான்.

கன்னச் செல் சில நிமிட வேலை. மெத்திலீன் நீலம் என்ற சாயம் ஒரு சொட்டு, அதன்மேல் கவர் ஸ்லிப் என்ற மெல்லிய கண்ணாடித் துண்டைச் சாய்த்து மெதுவாக இறக்க வேண்டும். நேராகப் போட்டால் காற்றுக்குமிழி சிக்கும்; கறுத்த விளிம்போடு அழகான வட்டமாகத் தெரியும் அதையே செல் என்று வரைந்துவிடத் தோன்றும். உண்மையான செல் தட்டையானது, ஓரம் மடிந்தது, நடுவே கருநீலப் புள்ளியாக உட்கரு. என் உடம்பின் செல்லை என் கண்ணால் பார்த்த சந்தோஷத்தைப் பெட்டி தராது. ஆனால் கிடைப்பதெல்லாம் உதிரிச் செல்கள். செல்கள் சேர்ந்து நிற்கும் ஒழுங்குதான் திசு. சுரண்டும்போதே அந்த ஒழுங்கு கலைந்துவிடுகிறது. தசை, நரம்பு, இணைப்புத் திசு எதையும் இந்த வழியில் பார்க்க முடியாது.

இதையெல்லாம்விட என்னை முடிவெடுக்க வைத்தது நிறம். ஆயத்த ஸ்லைடுகள் பெரும்பாலும் ஹீமடாக்சிலின், இயோசின் என்ற இரட்டைச் சாயத்தில் வருகின்றன. அலுமினியத்தோடு சேர்ந்த ஹீமடாக்சிலினுக்கு நேர்மின்சுமை. டிஎன்ஏ, ஆர்என்ஏவின் பாஸ்பேட்டுகளுக்கு எதிர்மின்சுமை. ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள, உட்கரு ஊதா நீலமாகிறது. இயோசினுக்கு எதிர்மின்சுமை, அது உட்கருவைச் சுற்றியுள்ள சைட்டோபிளாசத்திலும் இணைப்புத் திசுவின் நாரான கொலாஜனிலும் உள்ள புரதங்களின் நேர்மின்சுமைப் பகுதிகளில் ஒட்டி இளஞ்சிவப்பாக்குகிறது. அமிலம், காரம், அயனி என்று முதல் பாடத்தில் மனப்பாடம் செய்தது இங்கே கண்ணுக்கு நேரே நடக்கிறது.

கணைய ஸ்லைடை 40 மடங்கு லென்ஸில் வைத்துப் பாருங்கள். நொதி சுரக்கும் செல்கள் கொத்துக் கொத்தாக இருக்கும். ஒவ்வொரு செல்லும் அடியில் ஊதா, உச்சியில் இளஞ்சிவப்பு. அடியில் புரதம் தயாரிக்கும் ரைபோசோம்கள் நெருக்கமாக இருப்பதால் ஆர்என்ஏ அதிகம். உச்சியில் வெளியேறக் காத்திருக்கும் நொதித் துகள்கள், அதாவது புரதம். எங்கே தயாராகிறது, எங்கே சேமிப்பாகிறது என்பதை ஒரே செல் இரண்டு நிறத்தில் காட்டிவிடுகிறது. இந்த ஸ்லைடு முன்னால் மட்டும் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்திருந்தேன். மெத்திலீன் நீலத்தில் எல்லாமே நீலத்தின் சாயல்கள். இந்தப் பிரிப்பு கிடைக்காது.

பெட்டியிலும் ஒரு குறை உண்டு. மெழுகில் பதித்து வெட்டுவதற்கு முன் திசுவை ஆல்கஹாலிலும் சைலீனிலும் ஊறவைக்கிறார்கள்; கொழுப்பு அதில் கரைந்துபோகிறது. அதனால் கொழுப்புத் திசு வெறும் வெள்ளை வட்டங்களாகத் தெரியும். உயிருள்ள உடலில் அந்த இடம் நிறையக் கொழுப்பு இருந்தது. அதேபோல உப்புநீர் விட்டால் செல் எப்படி மாறுகிறது என்று பார்க்கவும் ஆயத்த ஸ்லைடு உதவாது; அதற்குக் கன்னச் செல்தான்.

பராமரிப்பு பெரிதாக இல்லை. வெயிலில் விட்டால் சாயம் வெளுக்கும், ஆகவே பெட்டியை மூடியே வைக்கிறேன். 100 மடங்கு எண்ணெய் லென்ஸில் நான் பார்த்தது மிகக் குறைவு. என் சிபாரிசை 40 மடங்கு வரைக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது கணையமும் எலும்புத்தசையும் பெட்டியில் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.