ஒரே கலவையா, இரண்டு அடுக்கா? கான்கிரீட் சாலைக்கு எது?

கான்கிரீட் சாலையில் டயர் தேய்ப்பதும் உப்பும் பனியும் அரிப்பதும் மேல்பகுதியைத்தான். அப்படியிருக்க முழு ஆழத்துக்கும் உயர்தரக் கலவை எதற்கு?

ஆஸ்திரியாவில் நெடுஞ்சாலைகளை இரண்டு அடுக்காகப் போடுவது பழகிப்போன முறை. கீழே 20 செ.மீ. அளவுக்குச் சாதாரணக் கலவை. பழைய சாலையை உடைத்து அரைத்த ஜல்லியும் இதில் போகும். மேலே சுமார் 5 செ.மீ., தேயாத சிறு ஜல்லியும் அதிக சிமெண்டும். நம்மூர் பேவர் பிளாக்கிலும் மேல்முகத்துக்குத் தனிக் கலவை உண்டு.

ஓர் உதாரணக் கணக்கு: 25 செ.மீ. முழுவதும் கன மீட்டருக்கு 450 கிலோ சிமெண்ட் என்றால், ஒரு சதுர மீட்டருக்கு 112.5 கிலோ. கீழடுக்கை 350 கிலோவாகக் குறைத்தால் 92.5. ஆனால் முழுவதும் 350 கிலோ கலவையே போதும் என்ற இடத்தில் மிச்சம் எதுவும் இல்லை, செலவுதான் கூடும்!

வேலை என்று பார்த்தால் ஒரே கலவைதான் சுலபம்: ஒரு இயந்திரம், ஒரு வகை லாரி. இரண்டடுக்கில் இயந்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகர வேண்டும். கீழடுக்கு இறுகும் முன் மேலடுக்கு விழாவிட்டால் இரண்டும் ஒட்டாது. லாரி மாறி வந்தால் அப்புறம் தலைவலிதான்.

தெருச்சாலைக்கு ஒரே கலவை போதும். பல கிலோமீட்டர் நெடுஞ்சாலை, அதிலும் நல்ல ஜல்லி தூரத்திலிருந்து வர வேண்டிய இடம் என்றால், நான் இரண்டடுக்கையே தேர்ந்தெடுப்பேன்.