நுரையீரல் மாற்று: எல்லோருக்கும் ஒரே மயக்கத் திட்டமா, நோய்க்கு ஒன்றா?

நுரையீரல் மாற்று அறுவைக்கு மயக்கம் கொடுக்கும் குழுக்களிடையே இரண்டு வழக்கங்கள் உண்டு. எந்த நோயால் நுரையீரல் கெட்டிருந்தாலும் ஒரே வரிசையில், ஒரே அமைப்புகளோடு நடத்துவது ஒன்று. நோயை முன்வைத்து, மயக்கம் தொடங்கும் விதம், வெண்டிலேட்டர் அமைப்பு, எக்மோ (உடலுக்கு வெளியே ரத்தத்துக்கு ஆக்சிஜன் ஏற்றும் கருவி) வைக்கும் நேரம் ஆகியவற்றை வகுத்துக்கொள்வது மற்றொன்று. முதல் வழியில் சில ஆண்டுகள் பணியாற்றிய பின் இரண்டாவதற்கு மாறியதால், என் சாய்வை மறைக்கப் போவதில்லை.

பொதுத் திட்டத்திலும் நியாயம் இருக்கிறது. கொடையாளரின் நுரையீரல் பெரும்பாலும் நேரங்கெட்ட நேரத்தில்தான் வருகிறது. நள்ளிரவில் கூடும் குழு, எந்த மருந்து எங்கே என்று யோசிக்காமல் வேலையைத் தொடங்க முடிகிறது. தமனி அழுத்தக் கண்காணிப்பு, இதயத்தைப் பார்க்க உணவுக்குழாய் வழி எக்கோ, இரு நுரையீரலையும் பிரிக்கும் இருவழிக் குழாய் போன்றவை எப்படியும் எல்லோருக்கும் பொதுவானவையே.

என் முடிவைத் தீர்மானித்தவை மயக்கம் கொடுத்தபின் வரும் முதல் சில நிமிடங்கள். சிஓபிடி (மூச்சுப்பாதைகள் ஒடுங்கும் நாள்பட்ட நுரையீரல் நோய்) நோயாளியின் நுரையீரலுக்குள் காற்று எளிதாகப் போகும். வெளியேறத்தான் நேரம் பிடிக்கும். வழக்கமான வேகத்தில் வெண்டிலேட்டரை ஓடவிட்டால், முந்தைய மூச்சு முழுதாக வெளியேறுமுன் அடுத்தது வந்து சேர்கிறது. மார்புக்குள் அழுத்தம் ஏறி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது. பொதுத் திட்டத்தைப் பின்பற்றிய நாட்களில் ஒருவருக்குக் குழாய் வைத்த சற்று நேரத்தில் மேல் ரத்த அழுத்தம் 110இலிருந்து 50க்கு இறங்கியது. மயக்க மருந்தின் விளைவு என்று எண்ணி ரத்த அழுத்தத்தை உயர்த்தும் நாரட்ரினலினை ஏற்றிக்கொண்டே போனேன், பலனில்லை. வெளிமூச்சின் ஓட்டக்கோடு சுழியத்தைத் தொடாமலே அடுத்த மூச்சு தொடங்குவதைத் திரையில் கவனித்தவர் உடனிருந்த சக மருத்துவர். வெண்டிலேட்டரைக் குழாயிலிருந்து கழற்றினோம். நெடிய பெருமூச்சுப் போலக் காற்று வெளியேறிக்கொண்டே இருந்தது; அரை நிமிடத்தில் ரத்த அழுத்தம் தானாக ஏறியது. இப்போது இத்தகையோருக்கு நிமிடத்துக்கு 8 முதல் 10 மூச்சு, வெளிமூச்சுக்கு உள்மூச்சைப் போல நான்கு மடங்கு நேரம் என்றுதான் தொடங்குகிறேன். கார்பன் டை ஆக்சைடு ஓரளவு ஏறினால் பொறுத்துக்கொள்கிறேன்.

வெண்டிலேட்டரைக் கழற்றும் அதே கைவேலையை நுரையீரல் ஃபைப்ரோசிஸ் (நுரையீரல் தழும்பேறும் நோய்) உள்ளவரிடம் செய்தால் கதை தலைகீழாகும். விறைத்துப்போன அந்த நுரையீரலில் காற்றறைகளைத் திறந்து வைத்திருப்பதே பீப், அதாவது வெளிமூச்சின் முடிவிலும் வெண்டிலேட்டர் விட்டுவைக்கும் அழுத்தம்தான். கழற்றியதும் அவை சுருங்கி, ஆக்சிஜன் செறிவு சரிந்துவிடும், மீட்க நெடுநேரம் ஆகும். அவருக்கு வேண்டியவை சிறிய மூச்சு, கூடுதல் எண்ணிக்கை, விடாத பீப். நுரையீரல் தமனி அழுத்தமும் சேர்ந்து உயர்ந்திருந்தால், ஒரு பக்கத் தமனியை இடுக்கியதும் வலது இதயம் திணறும் என்பதால் எக்மோவைக் கைக்கெட்டும் இடத்தில் தயாராக வைக்க வேண்டும். ஒருவரை மீட்கும் செயல் மற்றவரைச் சாய்க்கும்போது, இரண்டுக்கும் நடுவே ஓர் அமைப்பைத் தேர்வது இருவருக்குமே உதவாது.

பரம்பரை நோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸில் கவலை கெட்டிச் சளிதான். முதலில் அகலமான ஒருவழிக் குழாயை வைத்து, மூச்சுக்குழாய்க்குள் பார்க்க உதவும் பிராங்கோஸ்கோப் மூலம் சளியை உறிஞ்சிவிட்டு, பின்னர் இருவழிக் குழாய்க்கு மாறுவது நல்லது. இருவழிக் குழாயின் ஒடுங்கிய பாதையில் பெரிய பிராங்கோஸ்கோப் நுழையாது.

நுரையீரல் தமனி உயர் அழுத்த நோயில் ஆபத்து இதயத்தின் வலது கீழறையில் இருக்கிறது. மயக்கத்தில் உடலின் ரத்த அழுத்தம் விழுந்தால், ஏற்கெனவே சுமை தாங்காத அந்த அறையின் தசைக்குப் போகும் ரத்தமும் குறைந்து, நிலைமை வேகமாகக் கைமீறும். எனவே நோயாளி விழித்திருக்கும்போதே, தோலை மரக்கவைத்து, தொடை ரத்தக்குழாய்களில் வழி போட்டுவைப்பதையும், எக்மோவை அவசரத்துக்கு என்றில்லாமல் முன்கூட்டியே திட்டமிடுவதையும் ஆதரிக்கிறேன். ஆனால் இந்த நோய்க்காக மாற்று செய்துகொண்டவர்களை விரல்விட்டு எண்ணும் அளவில்தான் கவனித்திருக்கிறேன். குறைந்த ரத்தத்துக்கே பழகிய இடது கீழறை புதிதாகக் கூடிவரும் ரத்தத்தைத் தாங்கும்வரை எக்மோவை எத்தனை நாள் நீட்டிப்பது என்பதில் என் சொல்லுக்கு அதிக எடை தர வேண்டாம்.

இருபுறமும் புதிய நுரையீரல் பொருத்தப்பட்டபின் நானும் பொதுத் திட்டத்துக்கே திரும்புகிறேன். கொடையாளரின் உயரத்தைக் கொண்டு கணக்கிட்ட எடையில் கிலோவுக்கு 6 மில்லி லிட்டர் அளவில் மூச்சு, ஆக்சிஜனை வேண்டிய அளவுக்கு மேல் ஏற்றாமை, நரம்பு வழித் திரவத்தில் சிக்கனம் ஆகியவற்றுக்குப் பழைய நோய் எதுவென்பது பொருட்டில்லை. சிஓபிடிக்கு ஒரு பக்கம் மட்டும் மாற்றியிருந்தால் அதுவும் பொருந்தாது. எஞ்சிய பழைய நுரையீரல் உப்பிப் புதியதை நெருக்கக்கூடும். அப்போது இருவழிக் குழாயை உடனே எடுத்துவிடாமல், தேவைப்பட்டால் இரண்டு நுரையீரலுக்கும் தனித்தனி வெண்டிலேட்டர் இணைக்கும்படி விட்டுவைக்கிறேன்.