சேமித்ததும் தானாக ஓடும் பில்ட்: வாட்ச் கருவிகளை நாள்பட ஓட்டியதில் தெரிந்தவை

சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளுக்கான கேட்லாக் தளங்கள், ஏற்காடு ஹோம்ஸ்டேக்களுக்கான சின்னத் தளங்கள். இந்த இரண்டு வகை வேலையிலும் வைட், ஈஎஸ்பில்ட், வெப்பேக் என்ற பில்ட் கருவிகளையும், ஃபைல் மாற்றங்களைக் கவனிக்கும் சோக்கிடார் லைப்ரரியையும் அன்றாடம் ஓட்டியதில் தேறியதை எழுதுகிறேன். எழுதிய கோடைத் தளமாகத் தொகுப்பது பில்ட்; ஃபைல் மாறியதும் அதைப் பார்த்து பில்டை ஓட வைப்பது வாட்சர். எது வேகம் என்ற ஒப்பீடு இதில் கிடையாது. இந்த அளவு தளங்களுக்கு எல்லாமே போதுமான வேகம்தான். வாட்சர் எதையெல்லாம் கவனிக்கிறது, ஒரு ஃபைல் முழுசாக எழுதி முடிந்தது என்று எப்போது முடிவு கட்டுகிறது, இவை இரண்டும் சரியாக இருந்தால் நாள் முழுக்கத் தொந்தரவு இருக்காது.

லினக்ஸில் இதற்கு அடித்தளம் ஐநோட்டிஃபை, அதாவது ஃபைல் மாறினால் செய்தி சொல்லும் கெர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) வசதி. 2005இல் 2.6.13 கெர்னலோடு வந்தது. ஒரு ஃபோல்டரைக் கவனிக்கச் சொன்னால் அதன் சப்ஃபோல்டர்களை அது தானாகக் கவனிக்காது. ஒவ்வொன்றுக்கும் தனியாக வாட்ச் போட வேண்டும். சோக்கிடார் போன்ற லைப்ரரிகள் அந்த வேலையைச் செய்கின்றன. புராஜெக்டின் மேல் ஃபோல்டரையே கொடுத்துவிட்டால் வெளி லைப்ரரிகள் குவிந்திருக்கும் நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டருக்குள்ளும் போய் ஆயிரக்கணக்கில் வாட்ச் போட்டுவிடும். பழைய கெர்னல்களில் ஒரு யூசருக்கு 8192 வாட்ச்தான் உச்சவரம்பு. அது தீர்ந்ததும் "டிவைஸில் இடமில்லை" என்ற பொருளில் ஒரு எர்ரர் வரும். டிஸ்க்கைக் காலி செய்து பயனில்லை, தீர்ந்தது வாட்ச் எண்ணிக்கை. சிஸ்கன்ட்ரோல் என்ற கெர்னல் அமைப்பில் மேக்ஸ் யூசர் வாட்சஸ் மதிப்பை 524288 ஆக உயர்த்துவது எல்லோரும் சொல்லும் தீர்வு. 5.11 கெர்னலிலிருந்து ராமைப் பொறுத்து 8192 முதல் 1048576 வரை அதுவே தீர்மானித்துக்கொள்கிறது. ஆனால் 64 பிட் மெஷினில் ஒரு வாட்சுக்குச் சுமார் 1 கேபி கெர்னல் மெமரி போகிறது; 524288ம் நிரம்பினால் அரை ஜிபி. வரம்பை ஏற்றுவதற்கு முன்னால் கவனிக்கும் இடத்தைச் சுருக்குங்கள். சோர்ஸ் ஃபோல்டர் மட்டும் போதும். வைட் நோட் மாட்யூல்ஸையும் கிட் (கோடின் மாற்ற வரலாறு) ஃபோல்டரையும் தானே விட்டுவிடுகிறது. வெப்பேக்கில் வாட்ச் ஆப்ஷன்ஸுக்குள் இக்னோர்ட் என்ற இடத்தில் எழுத வேண்டும்.

பில்ட் வெளியே தள்ளும் ஃபோல்டர் கவனிக்கும் ஃபோல்டருக்குள் இருக்கவே கூடாது. இருந்தால் பில்ட் எழுதும், வாட்சர் பார்க்கும், மறுபடி பில்ட் ஓடும். ஃபேன் சத்தம் ஓயாவிட்டால் முதலில் இதைப் பாருங்கள்.

அதிகம் படுத்துவது படங்கள்தான். பட்டறையிலிருந்து வரும் கொலுசு ஃபோட்டோ ஒவ்வொன்றும் 10 எம்பிக்கு மேல் இருக்கும். மெமரி கார்டிலிருந்து காப்பி ஆகத் தொடங்கிய நொடியே வாட்சருக்குச் செய்தி போய்விடும். சைஸ் குறைக்கும் ஸ்கிரிப்ட் பாதி எழுதிய ஃபைலை எடுத்துக்கொள்ளும். மேல் பாதியில் முத்துச் சலங்கை தெளிவாக இருக்கும், கீழ்ப் பாதி வெறும் சாம்பல் நிறம். சில சமயம் எர்ரர்கூட வராமல் அப்படியே தளத்துக்குப் போய்விடும் என்பதுதான் கவலை. சோக்கிடாரில் இதற்கு அவெய்ட் ரைட் ஃபினிஷ் என்ற ஆப்ஷன் இருக்கிறது. 100 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை ஃபைல் சைஸைப் பார்த்து, 2000 மில்லிசெகண்ட் மாறாமல் இருந்தால்தான் செய்தி சொல்லும். படங்களுக்கு இது அருமை. அதையே கோடுக்கும் போட்டால் ஒவ்வொரு சேவுக்கும் 2 செகண்ட் காத்திருக்க வேண்டும். ஆகவே இரண்டு வாட்சர் வையுங்கள்: கோடுக்குக் காத்திருப்பு இல்லாமல் ஒன்று, படத்துக்குக் காத்திருப்போடு இன்னொன்று.

படம் தொடர்பாக இன்னொன்று. ஏற்கெனவே சுருக்கிய படத்தைத் திரும்பச் சுருக்காமலிருக்க, சோர்ஸின் தேதியையும் அவுட்புட்டின் தேதியையும் ஒப்பிடும் ஸ்கிரிப்ட்கள் நிறைய உண்டு. விண்டோஸில் காப்பி செய்தால் மாடிஃபைட் தேதி பழையபடியே வரும். போன மாதம் எடுத்த ஃபோட்டோவை இன்று அதே பெயரில் மாற்றி வைத்தால் தேதி அவுட்புட்டைவிடப் பழசு. ஸ்கிரிப்ட் தாண்டிப் போய்விடும். கடைக்காரர் "படம் மாறவே இல்லைங்களே" என்று போன் செய்வார். தேதியை விட்டுவிட்டு ஃபைலின் ஹேஷை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) ஒப்பிட்டால் இந்தச் சிக்கல் வராது.

தினசரி வெள்ளி ரேட் இருக்கும் ஜேசன் ஃபைலுக்கு வேறு மாதிரிப் பிரச்சினை. நன்றாக எழுதிய ஸ்கிரிப்ட் தற்காலிக ஃபைலில் எழுதிவிட்டு, பிறகு பெயரை மாற்றி இடத்தில் வைக்கும். விம் எடிட்டரும் பல சமயம் இப்படித்தான் சேவ் செய்கிறது. பெயர் அதேதான், ஐநோடு (டிஸ்க்கில் ஃபைலுக்கான உள் அடையாளம்) வேறு. அந்த ஒரு ஃபைலை மட்டும் நேரடியாகக் கவனித்துக்கொண்டிருந்த வாட்ச் முதல் மாற்றத்தோடு செத்துவிடும். ஃபைலைக் கவனிக்காமல் அது இருக்கும் ஃபோல்டரைக் கவனிக்க வைத்தால் போதும். விம்மில் பேக்கப்காப்பி அமைப்பை யெஸ் என்று வைப்பதும் உதவும்.

ஈஎஸ்பில்டின் வாட்ச் ஐநோட்டிஃபை வழியிலேயே வராது. அது போலிங்தான் (செய்திக்குக் காத்திராமல் ஃபைல்களைத் தானே திரும்பத் திரும்பப் பார்ப்பது), ஆனால் புத்திசாலித்தனமான போலிங்: ஒவ்வொரு சுற்றிலும் சில ஃபைல்களை மட்டும் பார்க்கும், பெரிய புராஜெக்ட் முழுவதையும் சுமார் 2 செகண்டில் சுற்றி வந்துவிடும். அண்மையில் மாறிய ஃபைல்களை எல்லாச் சுற்றிலும் பார்ப்பதால் முதல் சேவ்தான் சற்றுத் தாமதமாகத் தெரியும், அடுத்தடுத்தவை உடனே. டைப்ஸ்கிரிப்ட் கோடில் டைப் பிழை இருக்கிறதா என்று ஈஎஸ்பில்ட் சோதிக்காது; பக்கத்தில் டைப்ஸ்கிரிப்ட் கம்பைலரை நோஎமிட்டோடு (ஃபைல் எழுதாமல் சோதனை மட்டும்) வாட்சில் ஓட விடுங்கள்.

ஏற்காட்டிலிருந்து கீழே இருக்கும் சர்வரில் எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து டெர்மினல் இணைப்பு) வழியாக வேலை செய்பவர்களுக்கு: மழைக்கு லைன் அறுந்தால் டெர்மினலோடு பில்டும் போய்விடும் என்று அதை சிஸ்டம்டி சர்வீஸாக (லினக்ஸ் பின்னணியில் ஓட்டும் வேலையாக) மாற்றுவோம். மாற்றினால் ஈஎஸ்பில்ட் தொடங்கியதுமே நின்றுவிடும். டெர்மினலிலிருந்து உள்ளீடு வரும் ஸ்டாண்டர்ட் இன்புட் மூடியிருந்தால் வாட்ச் தானே வெளியேறும்படி அதை வடிவமைத்திருக்கிறார்கள். வாட்ச் ஃபிளாகுக்கு ஃபாரெவர் என்ற மதிப்பைக் கொடுத்தால் ஓடிக்கொண்டேயிருக்கும்.

விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2 வைத்திருப்பவர்கள் புராஜெக்டை சி டிரைவில் வைக்காதீர்கள். விண்டோஸ் எடிட்டரில் சேவ் செய்தால் அந்தப் பக்கத்து மாற்றச் செய்தி லினக்ஸுக்கு வந்து சேராது, வாட்சர் சும்மா உட்கார்ந்திருக்கும். லினக்ஸ் ஹோம் ஃபோல்டருக்கு மாற்றுவதே சரி. மாற்றவே முடியாத இடத்தில் மட்டும் வைட்டின் யூஸ் போலிங்கை ஆன் செய்யுங்கள்; இன்டர்வெல் 1000 மில்லிசெகண்ட் வைத்தால் சிபியு தாங்கும்.

சர்வர் பக்கத்துக்கு, ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோடின் சொந்த வாட்ச் ஃபிளாக் 18.11இல் வந்து 22இல் நிலைபெற்றது. இம்போர்ட் ஆன ஃபைல்களை மட்டும்தான் அது பார்க்கும். டெம்ப்ளேட்டை மாற்றினால் ரீஸ்டார்ட் ஆகாது. டெம்ப்ளேட்டுகள் அதிகம் இருக்கும் தளங்களில் ஃபைல் மாறினால் சர்வரை ரீஸ்டார்ட் செய்யும் நோடிமானையே வைத்திருக்கிறோம், எக்ஸ்டென்ஷன் பட்டியலில் ஹெச்டிஎம்எல்லையும் சேர்த்து.