சான்பிரான்சிஸ்கோவிலிருந்து வேலூர்: சாலை 130 கிலோமீட்டரையும் சேர்த்து எண்ணுங்கள்

சான்பிரான்சிஸ்கோவுக்கும் சென்னைக்கும் இடையே நேர் வான்வழித் தூரம் ஏறக்குறைய 13,900 கிலோமீட்டர். மணிக்கு 900 கிலோமீட்டர் என்று வகுத்துப் பார்த்தால் பதினாறு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம் போலத் தோன்றும். ஆனால் நேரடி விமானம் கிடையாது. துபாய் வழியாக வந்தால் 13,000, பிறகு 2,900 கிலோமீட்டர். பிராங்க்பர்ட் வழி மொத்தம் 16,700-ஐ ஒட்டி வரும். வழி எதுவானாலும் வானில் இருபது மணி நேரம் போய்விடும். அதனால் கிலோமீட்டரை ஒப்பிட்டு டிக்கெட் எடுப்பதில் பயனில்லை. நடுவில் எத்தனை மணி காத்திருப்பு, சென்னையில் எத்தனை மணிக்கு இறங்குகிறோம் என்ற இரண்டையும் பாருங்கள்.

டெல்லி, மும்பை வழியாக வருபவர்கள் பெரும்பாலும் அங்கேயே இமிக்ரேஷன் முடித்து, பெட்டியை எடுத்து, கஸ்டம்ஸ் தாண்டி மறுபடி ஒப்படைக்க வேண்டியிருக்கும். இடையில் மூன்று மணி நேரமாவது இல்லாவிட்டால் அந்த டிக்கெட்டைத் தொடாதீர்கள். பொங்கலுக்கு வருபவர்களுக்கு இன்னொன்று: போகி அன்று விடியற்காலையில் புகைமூட்டம் சென்னை ஓடுபாதையை மறைத்து, விமானங்களைப் பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் திருப்பிவிட்ட வருடங்கள் உண்டு. அந்த ஒரு காலையைத் தவிர்த்துவிடலாம்.

இனி வேலூர். காலை, பகல் நேரத்தில் இறங்கினால் மெட்ரோவில் சென்ட்ரல் போய் ரயிலில் வேலூரை ஒட்டிய காட்பாடி ரயில் நிலையத்துக்கு வருவதுதான் சிக்கனம். ரயில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். நள்ளிரவு தாண்டி இறங்கினால் மெட்ரோ இருக்காது, கார்தான். ஸ்ரீபெரும்புதூர், காஞ்சிபுரம் பைபாஸ், வாலாஜா வழியாக இரண்டரை முதல் மூன்று மணி நேரம். மாலையில் இறங்கினால் பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர் நெரிசலுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக வையுங்கள்.

ஒருவழி டிராப் டாக்ஸிக்காரர்கள் வழக்கமாகக் குறைந்தபட்சம் 130 கிலோமீட்டருக்கு வாங்குவார்கள். வேலூர் தூரமும் அதுவே என்பதால் நமக்கு நஷ்டமில்லை. டோல், டிரைவர் பேட்டா உள்ளே சேர்த்தியா தனியா என்பதைப் புக் செய்யும்போதே வாட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்கிவிடுங்கள். அதைவிட முக்கியமான கேள்வி, வண்டி சிஎன்ஜி என்ற எரிவாயுவில் ஓடுவதா என்பது. செடான் வண்டிகளில் சிலிண்டர் டிக்கியில்தான் உட்கார்ந்திருக்கும். 23 கிலோ பெட்டி ஒன்று நுழைவதே பாடு. அமெரிக்காவிலிருந்து வரும் இருவரிடம் அப்படி நான்கு பெட்டி இருக்கலாம். மேலே கேரியர் இருந்தாலும் கட்டக் கயிறு இருக்காது. இன்னோவா, எர்டிகா என்றால் கடைசி வரிசை சீட்டை மடித்து வைக்கச் சொல்லிவிடுங்கள். விடிகாலை மூன்று மணிக்கு வரும் டிரைவர் முந்தின டிரிப் எப்போது முடித்தார் என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். கண் சொக்கினால் டீக்கடையில் கால்மணி நேரம் நிறுத்தச் சொல்லுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

திரும்பும்போது தவறுவது தேதியில்தான். டிக்கெட்டில் 15-ஆம் தேதி அதிகாலை 3.30 என்றிருந்தால், 14-ஆம் தேதி இரவு எட்டரைக்கே வேலூரை விட்டுக் கிளம்ப வேண்டும். காரை 15-ஆம் தேதிக்குப் புக் செய்துவிட்டு விமானத்தைக் கோட்டை விட்டவர்கள் நிறையப் பேர். டிரைவரிடம் தேதியோடு "செவ்வாய் ராத்திரி" என்று கிழமையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.