எக்ஸ்ரேயில் தெரியாத இடுப்பு விரிசல்: புதுச்சேரி ஸ்கேன் சென்டர் ஒன்றின் சேவை

பாத்ரூமில் வழுக்கி விழுந்த பாட்டிக்கு எக்ஸ்ரே எடுத்து, "எலும்பு நல்லாத்தான் இருக்கு, வெறும் சுளுக்கு" என்று வீட்டுக்கு அனுப்புவதும், மறுநாள் எண்ணெய் போட்டு உருவிவிட ஆள் கூப்பிடுவதும் கடலூர், புதுச்சேரிப் பக்கம் சகஜம். தொடையிடுக்கில் வலி, படுத்தபடி காலைத் தூக்க முடியவில்லை, ஊன்ற முடியவில்லை என்றால் எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும் விடவே கூடாது. இடம் விலகாத விரிசல் எக்ஸ்ரேயில் தப்பிவிடும். உருவினால் விலகும். விலகினால் தொடை எலும்பின் உச்சியில் உள்ள பந்துக்குப் போகும் ரத்த ஓட்டம் கெடும். ஸ்குரூ போட்டு முடிய வாய்ப்பிருந்தது பந்தையே மாற்றும் ஆபரேஷனாகிவிடும்.

இந்த சென்டரில் முதலில் பிடித்தது, பழைய எக்ஸ்ரேயைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது. பாதம் வெளிப்பக்கம் சாய்ந்திருந்தால் தொடை எலும்பின் கழுத்து குட்டையாகத் தெரியும், பக்கத்து எலும்பு மேடு அதன்மேல் விழுந்து விரிசலை மறைக்கும். வலி தாங்கும் அளவுக்கு மட்டும் இரண்டு பெருவிரல்களும் ஒன்றையொன்று பார்க்கும்படி சுமார் 15 டிகிரி உள்ளே திருப்பி மறுபடி எடுக்கிறார்கள். பக்கவாட்டுப் படத்துக்கு நல்ல காலைத்தான் தூக்கிப் பிடிக்கிறார்கள். வலிக்கும் காலைத் தவளை மாதிரி மடக்கச் சொல்வதில்லை.

அப்புறமும் சந்தேகம் என்றால் எம்.ஆர்.ஐ. வலியோடு நெடுநேரம் அசையாமல் படுப்பது வயதானவர்களுக்குக் கொடுமை, அசைந்தால் படமும் கலங்கும். அதனால் முன்பக்கத்திலிருந்து பார்க்கும் (கொரோனல்) இரண்டே வரிசைப் படங்கள்: கொழுப்பை வெள்ளையாகக் காட்டும் டி1, கொழுப்பை அடக்கி நீரை வெள்ளையாகக் காட்டும் ஸ்டிர். கால் மணி நேரத்தில் வெளியே. டி1 படத்தில் மஜ்ஜைக் கொழுப்பின் வெள்ளைக்குக் குறுக்கே, பென்சிலால் இழுத்த மாதிரி ஒரு கறுப்புக் கோடு. அதுதான் முறிவு. ஸ்டிரில் அதைச் சுற்றி நீர்கோத்து வெள்ளையாகப் படர்ந்திருக்கும். இரண்டு இடுப்பும், முதுகுத்தண்டின் அடியில் உள்ள திருவெலும்பும் ஒரே படத்தில் வருகின்றன. இது முக்கியம்: முன்பக்க இடுப்பு வளையத்தில் விரிசல் விட்டாலும் இதே இடத்தில்தான் வலிக்கும்.

குறைகள் உண்டு. ஸ்ட்ரெச்சரிலிருந்து மேசைக்கு இரண்டே பேர் அக்குளைப் பிடித்து இழுக்கிறார்கள். நாலு பேர் பெட்ஷீட்டோடு, கால்களைச் சேர்த்துப் பிடித்து மாற்ற வேண்டிய நோயாளி இவர்.

எம்.ஆர்.ஐ-க்கு ஒத்துவராத பழைய பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்கு சி.டி. எடுப்பது சரிதான்; எம்.ஆர்.ஐ 24 மணி நேரத்துக்குள் கிடைக்காவிட்டாலும் சி.டி-யைப் பார்க்கலாம் என்றுதான் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸின் வழிகாட்டுதலும் சொல்கிறது. மெல்லிய துண்டுகளாகவும் எடுக்கிறார்கள். ஆனால் மஜ்ஜையில் நீர்கோத்தது சி.டி-யில் சரியாகத் தெரியாது, தேய்ந்த எலும்பில் விரிசலும் தவறலாம். ரிப்போர்ட்டில் அதைச் சொல்லாமல் "முறிவு இல்லை" என்று ஒற்றை வரியில் முடிப்பது தவறு.

கடலூரிலிருந்து வருபவர்கள் ஆட்டோவில் உட்காரவைத்துக் கொண்டுவராதீர்கள். ஆம்புலன்ஸில் படுக்கவைத்தே வாருங்கள். கிளம்பும் முன் போன் செய்து, இன்றைக்கே ரிப்போர்ட் எழுத ரேடியாலஜிஸ்ட் இருக்கிறாரா என்று கேட்டுவிடுங்கள்.